ஒன்றரைக் கட்டை

மெல்லிசைக் குழுவில் புதிதாகச் சேர்ந்த நீங்கள் நான்கு பேரும் ரிகர்சலுக்கு வந்த முதல் நாளே என்னிடம் கேட்ட கேள்வி, "அக்கா, தொண்டைக்கு என்னா குடிப்பீங்க?" என்பதுதான். மிளகா, பனங்கற்கண்டா, அதிமதுரமா, வெறும் வெந்நீரா என்று பட்டியலே போட்டீர்கள். நான் சிரித்துவிட்டு எழுந்து போய்விட்டேன். கர்வம் பிடித்தவள் என்று நினைத்திருப்பீர்கள். கர்வம் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. எட்டு வருஷம் குத்துப்பாட்டே பாடி, கடலூர் ஜில்லாவில் மண்டபம் மண்டபமாக ஆட்களை நாற்காலியிலிருந்து எழுப்பி ஆடவிட்டவளுக்கு அதுகூட இல்லாவிட்டால் எப்படி? ஆனால் அன்று சிரித்தது அதனால் இல்லை. அந்தக் கேள்விக்கு ஒரு காலத்தில் நான் ஊருக்கெல்லாம் தப்பான பதிலைச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அந்தக் கதையை எழுதியே கொடுத்துவிடுகிறேன். வாயால் சொன்னால் பாதியில் பாட ஆரம்பித்துவிடுவேன், என் வாயைப் பற்றி எனக்குத் தெரியும்.

முதலில் ஒரு வார்த்தை. வெளியாட்களுக்குக் கட்டை என்றால் விறகு. நமக்குச் சுருதி. ஆர்மோனியத்தில் இருக்கும் கட்டைகளை ஒன்று, ஒன்றரை, இரண்டு என்று எண்ணிக்கொண்டே போனால் ஒருவருடைய குரல் எந்த எண்ணில் நிம்மதியாக நிற்கிறதோ அதுதான் அவருடைய கட்டை. எண் ஏற ஏறக் குரல் உயரம். புதிதாக ஒரு பாடகி வந்தால் பேர், ஊர் கேட்பதற்கு முன்பே "நீ எத்தினி கட்ட?" என்றுதான் கேட்பார்கள். சினிமாப் பாட்டை ரிக்கார்டில் இருக்கிற அதே உயரத்தில் பாடுவதற்கு நம் உலகத்தில் 'ஒரிஜினல் ஸ்கேல்' என்று பேர். அரைக் கட்டை இறக்கிப் பாடினாலே போதும், அடுத்த குழுக்காரர்கள் காதோடு காதாகப் பேசிச் சிரிப்பார்கள். இந்த இரண்டு விஷயமும் உங்களுக்கும் தெரியும். ஆனாலும் இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

2004-ல் நான் குழுவில் சேர்ந்தபோது எனக்கு முப்பத்திரண்டு வயது. குடிகாட்டில் வீடு, கணவருக்குக் கம்பெனியில் ஷிஃப்ட் வேலை, இரண்டு பெண்கள் பள்ளிக்கூடத்தில். அதுவரை நான் பாடியது ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோயில் பாடகர் குழுவில் மட்டும்தான். குழு நடத்தியவரை எல்லோரும் மாஸ்டர் என்று கூப்பிடுவோம். கோரஸுக்கு ஒரு பெண் குரல் வேண்டும் என்று என்னைச் சேர்த்துக்கொண்டார். மூன்று மாதம் பின்வரிசையில் நின்று 'ஆ ஆ' என்று பாடிக்கொண்டிருந்தேன்.

திருப்பாதிரிப்புலியூரில் ஒரு கல்யாண வரவேற்பு. மாப்பிள்ளையின் நண்பர்கள் குத்துப்பாட்டு வேண்டும் என்று சீட்டுக்கு மேல் சீட்டாக அனுப்பினார்கள். எங்கள் மெயின் பாடகி மெலடி மட்டும்தான் பாடுவார். அந்த மாதிரிப் பாட்டைப் பாடினால் மரியாதை போய்விடும் என்று சொல்லி மைக்கை என் கையில் திணித்துவிட்டுப் போய் உட்கார்ந்துவிட்டார்.

மாஸ்டர் என்னைப் பார்த்து, "ஸ்டெல்லா, ஓரமா நின்னு பாடிட்டு வந்துடும்மா, யாரு பாக்கப்போறாங்க" என்றார்.

நான் ஓரமாக நிற்கவில்லை. கோயிலில் பத்து வருஷம் அடக்கி அடக்கிப் பாடிய குரல் அன்றைக்குக் கட்டவிழ்த்துக்கொண்டு ஓடியது. இரண்டாவது சரணத்தில் பெண்ணின் சித்தப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆட வந்துவிட்டார். சமையல்கட்டிலிருந்து பரிமாறுகிறவர்கள் வாளியோடு வந்து நின்று பார்த்தார்கள். பாட்டு முடிந்ததும் ஒன்ஸ் மோர் என்று கூச்சல். அதற்கு முன்னால் என் வாழ்க்கையில் யாரும் எனக்காக ஒன்ஸ் மோர் கேட்டதில்லை. அடுத்தவர் மரியாதைக் குறைவு என்று ஒதுக்கிவைத்த பாட்டு என் சோற்றுக்கு வழியானது. உங்களில் இரண்டு பேர் மெலடிக்குத்தான் நிற்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும், அதனால் சொல்லிவைக்கிறேன்.

ஆறு மாதத்தில் போஸ்டரில் என் பேர் வந்தது. 'ஒரிஜினல் ஸ்கேல் ஸ்டெல்லா.' மாஸ்டரும் ஒவ்வொரு பாட்டுக்கு முன்பும் மைக்கில், "ரிக்கார்டுல எப்டி இருக்கோ அதே கட்டையில பாடுவாங்க நம்ம ஸ்டெல்லா" என்று அறிவிப்பார். கேட்கிறவர்களுக்கு அது புரிந்ததோ இல்லையோ, எனக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

அந்த வருஷங்களில் என்னை எதுவும் அசைக்காது என்று நினைத்திருந்தேன். காரணமும் இருந்தது. கீரப்பாளையத்தில் ஒரு காதுகுத்து விழா, பட்டப்பகல். நல்ல போதையில் இருந்த ஒரு மாமா மேடையேறி வந்து என் பக்கத்தில் ஆட ஆரம்பித்தார். இழுத்துப் போட ஆள் வந்தால் சண்டையாகும், இரண்டு பங்காளிக் கூட்டமும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு தயாராக நின்றது. நான் பாட்டை நிறுத்தாமல், இசை மட்டும் ஓடும் இடத்தில் மைக்கை அவர் கையில் கொடுத்து, "மாமா, நம்ம புள்ளைய ரெண்டு வார்த்த வாழ்த்திப் பேசுங்க" என்றேன். மனிதர் அப்படியே நின்றுவிட்டார். கூட்டத்தைப் பார்த்தார், மைக்கைப் பார்த்தார். "நல்லா இருக்கட்டும்" என்று கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோலச் சொல்லிவிட்டு, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு தானாக இறங்கிப் போய்விட்டார். எவ்வளவு பெரிய சண்டைக்காரரும் மைக்கைக் கையில் கொடுத்தால் அடங்கிவிடுவார். இந்த வித்தை எனக்கு ஒருநாளும் பொய்த்ததில்லை, நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள்.

குழுவில் எனக்கு நெருக்கமானவர்கள் இரண்டு பேர். ஒருவன் கீபோர்டு வாசித்தவன். என்னைவிட நாலு வயது சின்னவன், கடலோர கிராமத்தில் படகு வைத்திருந்த குடும்பம். அக்கா, அக்கா என்றுதான் கூப்பிடுவான். பேரைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டான், அதனால் தம்பி என்றே எழுதுகிறேன். இன்னொருவன் புதுச்சேரியிலிருந்து வந்து பேஸ் கிடார் வாசித்த அந்துவான். அங்கே ஓட்டல்களில் வெள்ளைக்காரர்களுக்கு வாசித்துப் பழகியவன். கம்பியைக் கட்டைவிரலால் தட்டித் தட்டி அவன் வாசித்தால் மண்டபத் தரையே துள்ளும்.

"அக்கா, இதுக்குப் பேரு ஃபங்க்கு" என்பான். "இதுல நீங்க பாடற எடம் முக்கியம் இல்ல. வாய மூடற எடம்தான் முக்கியம். நீங்க மூடுனா அந்த ஓட்டைல ஜனங்க கால வப்பாங்க."

நான் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவே இல்லை. ஓட்டையே விடாமல் பாடுவதுதான் திறமை என்று நினைத்திருந்தேன்.

முகூர்த்த மாதங்களில் ஒரே நாளில் இரண்டு நிகழ்ச்சிகூடப் பாடினேன். காலையில் ஒரு மண்டபம், மாலையில் இன்னொன்று. பாட்டு மட்டுமா? நடுவில் 'ஹே', 'ஹோய்', 'எல்லாரும் கைய தட்டு' என்று கத்தல் வேறு. 2008-ல் காடாம்புலியூர் பக்கம் ஒரு வீட்டு விசேஷத்துக்குப் போனபோது எனக்கு நல்ல சளி. பாட முடியுமா என்ற பயத்தில் முதல் நாள் முழுக்க மிளகுக் கஷாயம் குடித்தேன். மேடையேறினால் குரல் வழுக்கிக்கொண்டு போகிறது! உச்ச இடங்களெல்லாம் சொன்னபடி கேட்டன. இறங்கி வந்து தம்பியிடம், "பாத்தியாடா, இன்னிக்கி எங்கொரல் அமிர்தம்" என்றேன். அவன் கீபோர்டைத் துணியால் துடைத்துக்கொண்டே, "ஆமாக்கா, நல்லா இருந்திச்சி" என்றான்.

அதிலிருந்து மூன்று வருஷம் என் குரலுக்கு ஒரு குறையும் வரவில்லை. எனக்குக் கஷாயத்தின் மேல் அபாரமான நம்பிக்கை வந்துவிட்டது. மற்ற குழுப் பாடகிகள் என்னிடம் கேட்டுக்கொண்டு போனார்கள். இத்தனை மிளகு, இத்தனை துளசி, இத்தனை நேரம் கொதி என்று மருத்துவச்சி மாதிரி சொல்லிக்கொடுத்தேன். ஒருத்தி ஒரு மாதம் குடித்துப் பார்த்துவிட்டு, "வயித்தெரிச்சல்தான் மிச்சம், கொரல் ஒண்ணும் ஏறலக்கா" என்றாள். உனக்கு உழைப்புப் போதாது என்று அவளுக்குப் புத்தி சொல்லி அனுப்பினேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இனிமேல்தான் விஷயம். 2011. சிதம்பரம் கீழ வீதிக்குப் பக்கத்தில் ஒரு பெரிய மண்டபம், மாலை நேர வரவேற்பு. பெண்ணின் அண்ணன்மார் சென்னையிலிருந்து எட்டுப் பேர் கொண்ட நடனக் குழுவைக் கூட்டிவந்திருந்தார்கள். அந்தப் பிள்ளைகள் பதிவு செய்த ட்ராக்கை வைத்துத்தான் பழகியிருந்தார்கள். அதாவது இசை மட்டும் சி.டி.யில் ஓடும், பாட்டு மட்டும் நான் பாட வேண்டும். முதல் மூன்று பாட்டு அப்படி, அதற்குப் பிறகு எங்கள் குழு வாசிக்கும் என்று ஏற்பாடு.

ட்ராக்கை ஓட்டியவர் அந்த மண்டபத்துக்கு வழக்கமாக சவுண்டு போடும் காதர் பாய். ஐம்பது வயசு இருக்கும். அதிகம் பேசமாட்டார். மைக்கை என்னிடம் கொடுக்கும்போது துடைத்துக் கொடுத்தார், அதை நான் கவனித்தேன்.

பாட்டு ஆரம்பித்தது. பல்லவியிலேயே கழுத்து நரம்பு இழுத்தது. முதல் நாள் தூக்கமில்லை, அதனால் இருக்கும் என்று தள்ளிக்கொண்டு போனேன். சரணத்தின் உச்சிக்கு வந்தேன். நூறு தடவை பாடிய இடம். குரல் ஏறவில்லை. ஏறாதது மட்டுமில்லை, கீறிக்கொண்டு இரண்டாகப் பிரிந்து, எனக்கே யாரோ கத்தியதுபோலக் கேட்டது. முன்வரிசையில் ஒரு குழந்தை காதைப் பொத்திக்கொண்டது.

இந்த இடத்தில் நான் செய்ததை நன்றாகக் கவனியுங்கள். நான் ஒரு விநாடிகூட என்னைச் சந்தேகப்படவில்லை. கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னேன். மைக்கில், அத்தனை பேர் கேட்க, காதர் பாயைப் பார்த்துச் சொன்னேன்: "என்னா பாய் இது? ஸ்பீட ஜாஸ்தியா வச்சி ஓட்றீங்களா? ஸ்கேலு எங்கியோ போவுது. வேலைய ஒழுங்கா கத்துக்கிட்டு வரக்கூடாதா?"

கூட்டம் சிரித்தது. யாரோ விசில் அடித்தார்கள். காதர் பாய் தலையைத் தூக்காமல் மிஷினைச் சரிபார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்பதுபோலக் கையைக் காட்டினார். மறுபடி முதலிலிருந்து போட்டார். நடனப் பிள்ளைகள் மறுபடி முதலிலிருந்து ஆடினார்கள். அதே இடத்தில், அதே மாதிரி, என் குரல் மறுபடி கிழிந்தது.

இப்போது சிரிப்பு இல்லை. ஊளைதான். மண்டப மேனேஜர் விறுவிறுவென்று காதர் பாயிடம் போய், "கல்யாண வூட்டுக்காரங்க முன்னாடி மானத்த வாங்கிட்டீங்களே. நாளையிலேர்ந்து வேற ஆள பாத்துக்கறோம்" என்று சொன்னது மேடை ஓரத்தில் நின்ற எனக்குத் தெளிவாகக் கேட்டது. காதர் பாய் ஒரு ஒயரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

நான் அப்போதும், "சொல்லுங்க சார், நல்லா சொல்லுங்க" என்று மேனேஜருக்கு ஒத்து ஊதப் போனேன். தம்பி என் முழங்கையைப் பிடித்து மேடைக்குப் பின்புறம் இழுத்துக்கொண்டு போனான். அவன் முகம் வெளுத்திருந்தது.

"அக்கா, பாய் மேல தப்பு இல்ல. ட்ராக்கு சரியாதான் இருக்கு. ஒரிஜினல்ல இருக்கு."

"அப்பறம் ஏன்டா எனக்கு ஏற மாட்டேங்குது?"

"நீங்க ஒரிஜினல்ல பாடி மூணு வருசம் ஆவுதுக்கா."

எனக்கு விளங்கவில்லை. அவன் கீபோர்டிடம் கூட்டிப்போனான். அதில் ஒரு பொத்தானை அழுத்தினால் மொத்த வாசிப்பும் அரை அரைக் கட்டையாக இறங்கும், உங்களுக்கே தெரியும். அதன் சின்னத் திரையில் என் பாட்டுகளுக்கென்று அவன் சேமித்து வைத்திருந்ததைக் காட்டினான். மைனஸ் மூன்று. அதாவது ஒன்றரைக் கட்டை இறக்கம்.

"காடாம்புலியூர்ல உங்களுக்கு சளின்னு அன்னிக்கி மட்டும் அரை எறக்குனேன். நீங்க எறங்கி வந்து கொரல் அமிர்தம்னு சொன்னீங்க. அதுக்கப்பறம் எப்டிக்கா மேல ஏத்தறது? அப்பறம் இன்னொரு அரை. போன வருசம் இன்னொரு அரை."

நான் அந்துவானைத் திரும்பிப் பார்த்தேன். கீபோர்டுக்குப் பொத்தான் உண்டு, கிடாருக்குக் கிடையாது. கீபோர்டு இறங்கினால் அவனும் விரலை நகர்த்தி வைத்துத்தான் வாசித்திருக்க வேண்டும். அவன் என் கண்ணைப் பார்க்கவில்லை. "நான் சொல்லிடு மச்சான், சொல்லிடு மச்சான்னு இவங்கிட்ட எவ்ளோ தடவ சொன்னேன்" என்றான். அப்படியென்றால் மாஸ்டருக்கும் தெரியும். டிரம்ஸ் வாசிக்கிறவனுக்கும் தெரியும். மேடையில் இருந்த எல்லோருக்கும் தெரியும், எனக்கு மட்டும் தெரியாது. மூன்று வருஷமாக 'அதே கட்டையில பாடுவாங்க நம்ம ஸ்டெல்லா' என்று மைக்கில் சொன்ன மாஸ்டர் அதைச் சொல்லும்போது என்ன நினைத்திருப்பார்? எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. யாரை அடிப்பது என்று தெரியாத கோபம்.

வெளியே கூட்டம் கை தட்டி அவசரப்படுத்தியது. மாஸ்டர் ஓடி வந்தார். நிலைமையை ஒரே பார்வையில் புரிந்துகொண்டார்.

"ஸ்டெல்லா, தொண்ட சரியில்ல, ஜொரம்னு சொல்லிடு. நம்ம செட்ட ஆரம்பிச்சிடலாம். ஒருத்தரும் கேக்கமாட்டாங்க."

நல்ல யோசனைதான். நூற்றுக்குத் தொண்ணூறு பாடகர்கள் அதைத்தான் செய்வார்கள், அதில் தப்பு இல்லை. நானும் மேடை முன்னுக்குப் போய் அதைச் சொல்லத்தான் மைக்கை வாயருகே கொண்டுபோனேன். அப்போது எதிரே காதர் பாய் தெரிந்தார். ஒயரைச் சுருட்ட ஆரம்பித்திருந்தார். ஜுரம் என்று சொன்னால் என் பேர் தப்பிக்கும். ஆனால் நான் அவரைத் திட்டியது திட்டியபடியே நிற்கும். ஸ்பீடு ஜாஸ்தி என்று நான் சொன்னதைக் கேட்டவர்கள் அதை நம்பிக்கொண்டே வீட்டுக்குப் போவார்கள். நாளைக்கு அந்த மண்டபத்தில் வேறு யாரோ சவுண்டு போடுவார்.

எவ்வளவு நேரம் யோசித்தேன் என்று கேட்காதீர்கள். ரொம்ப நேரம் இல்லை. ஆனால் அந்தக் கொஞ்ச நேரத்தில் போஸ்டரில் இருக்கும் என் பேர் முழுசாகக் கண் முன்னால் வந்து நின்றது என்பது உண்மை.

"ஒரு நிமிசம் எல்லாரும் கேளுங்க" என்றேன். "பாய திட்டுனது என் தப்பு. ட்ராக்கு சரியா இருக்குது. மிசினு சரியா இருக்குது. எங்கொரல்தான் அந்தக் கட்டையில இப்ப இல்ல. ஒரிஜினல் ஸ்கேலுன்னு போஸ்டர்ல போட்ருக்காங்க, அது இனிமே இல்ல. ஒண்ணரை கட்ட எறக்கிப் பாடறேன். புடிச்சா ஆடுங்க."

மாஸ்டர் நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். அப்போது மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு பெரியவர், பண்ருட்டிப் பக்கத்துச் சம்பந்தி வீட்டுக்காரர், எழுந்து உரக்கக் கேட்டார்.

"என்னாம்மா அது, கட்ட கட்டன்ற? என்னா கட்ட? வேப்பங்கட்டையா, பலாக்கட்டையா?"

கொல்லென்று சிரிப்பு. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"பலாக்கட்டதான் மாமா. அதுலதான் மிருதங்கம் செய்வாங்க!"

இப்போது சிரித்தவர்கள் கையும் தட்டினார்கள். பெண்ணின் அத்தை ஒருவர், "எந்தக் கட்டையா இருந்தா எங்களுக்கு என்னா, ஆடறதுக்குப் பாட்டு வேணும், பாடும்மா" என்று கத்தினார். ஏழு வருஷமாக நான் எதற்காக உயிரை விட்டேனோ அதைப் பற்றி அந்த மண்டபத்தில் ஒருத்தருக்கும் அக்கறை இல்லை. அதைக் கேட்டபோது ஒரு பக்கம் வலித்தது, ஒரு பக்கம் விடுதலையாகவும் இருந்தது.

தம்பியும் அந்துவானும் வாசிக்க ஆரம்பித்தார்கள். வேகம் அதேதான், உயரம் மட்டும்தான் குறைவு. அதனால் நடனப் பிள்ளைகளின் கால்கள் தடுமாறவில்லை. உயரத்தை நம்பிப் பாடியவளுக்கு அன்று உயரம் இல்லை. வேறு வழியில்லாமல் அந்துவான் சொன்னதைச் செய்தேன். வரியின் நடுவில் வாயை மூடினேன். அந்த ஓட்டையில் அவன் கம்பியைத் தட்டினான். ஐந்நூறு பேர் காலைத் தூக்கி வைத்தார்கள். இன்னொரு தடவை மூடினேன். இன்னொரு தடவை வைத்தார்கள். இத்தனை வருஷமும் நான் அவர்களுக்கு ஆட இடமே கொடுக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. பாதிப் பாட்டில் என் குரல் திடீரென்று கனமாக, வட்டமாகக் கேட்டது. இறக்கிப் பாடும் குரலுக்குச் சத்தம் கொஞ்சம் கூட வேண்டும். யாரும் சொல்லாமலே காதர் பாய் என் மைக்கின் சத்தத்தைக் கூட்டிவிட்டிருந்தார்.

முடிந்ததும் அவரிடம் போனேன். மன்னிப்புக் கேட்க வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். அவர் முந்திக்கொண்டார். "மைக்குல சொன்னத மைக்குலயே திருப்பி எடுத்துட்டீங்க. அது போதும்மா." நடந்த எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த மேனேஜரும் அவரிடம் வந்து ஏதோ அசடு வழியப் பேசிவிட்டுப் போனார். அடுத்த வருஷமும் அந்த மண்டபத்தில் காதர் பாய்தான் இருந்தார். நாம் நாலு சுவருக்குள் திட்டினால் நாலு சுவருக்குள் மன்னிப்புக் கேட்கலாம். மைக்கில் திட்டினால் மைக்கில்தான் கேட்க வேண்டும். இதில் சலுகை கிடையாது.

தம்பியை மட்டும் நான் மன்னிக்கவில்லை. மூன்று வாரம் அவனோடு பேசவில்லை. ரிகர்சலில் பக்கத்தில் நின்றுகொண்டே அந்துவானிடம், "மூணாவது பாட்டுக்கு முன்னாடி இசை நீளமா இருக்குன்னு அவங்கிட்ட சொல்லு" என்பேன். அந்துவான் ஒரு அடி திரும்பி, "நீளமா இருக்காம்டா மச்சான்" என்பான். கடைசியில் அவனே பொறுமையிழந்து, "ரெண்டு பேரும் பேசுங்க, இல்லன்னா நான் பாண்டிக்கே போறேன்" என்று கிடாரைக் கீழே வைத்துவிட்டான்.

நான் கேட்டேன். "ஏன்டா எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா பயந்துடுவீங்க. பயந்தா பாட்டு போயிடும்னு நெனச்சேன்."

"எங்கொரலப் பத்தி எனக்குத் தெரியாம நாலு பேருக்குத் தெரிஞ்சிருக்கு. அது எனக்கு எப்டி இருக்கும்னு நெனச்சியா?"

அவன் என் மேல் வைத்திருந்த பாசத்தில் எனக்குச் சந்தேகமில்லை. அந்தப் பாசம்தான் மூன்று வருஷம் என்னைக் காப்பாற்றியது. அதே பாசம்தான் சிதம்பரத்தில் என்னை நடுமேடையில் தனியாக விட்டது. அடுத்தவர் தப்பை மறைத்து வாசிப்பது பெரிய உதவி என்று உங்களில் வாத்தியம் வாசிக்கிறவர்கள் நினைக்கலாம். ஒரு நாளைக்கு மறையுங்கள். மறுநாள் காலையில் சொல்லிவிடுங்கள்.

அதற்குப் பிறகு நானும் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் முன்னால் சவுண்டு செக்கில் நானே சத்தமாக, "இன்னிக்கி ஒண்ணரை எறக்கம்" என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்வேன். சில நாள் ஒன்று, சில நாள் இரண்டு. போஸ்டரில் 'ஒரிஜினல் ஸ்கேல்' என்பதை எடுக்கச் சொன்னேன். மாஸ்டர் தயங்கினார், வாய்ப்புக் குறையும் என்றார். குறையவில்லை. சொல்லப்போனால் எனக்கு மிக நல்ல நிகழ்ச்சிகள் அந்தக் கடைசி ஒன்றரை வருஷத்தில்தான் அமைந்தன. எங்கே மூட வேண்டும் என்று தெரிந்துகொண்டு பாடினேன். கஷாயத்தை நிறுத்தினேன், வயிறும் நிம்மதியானது.

2012 கடைசியில் மஞ்சக்குப்பத்தில் ஒரு கல்யாண வரவேற்பு. மதியம் மூன்று மணிக்கு சவுண்டு செக். இரண்டு வாரமாகத் தொண்டை இழுத்துக்கொண்டிருந்தது. "தம்பி, இன்னும் அரை எறக்கு. ரெண்டரைல வையி" என்றேன்.

அவன் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டான்.

"எறக்க மாட்டேன்க்கா."

"ஏன்?"

"இதுக்குக் கீழ போனா பல்லவி உங்களுக்கே கேக்காது. சும்மா பேசற மாதிரி இருக்கும். குத்துப்பாட்டு படுத்துடும். இந்த சீசனோட நிறுத்திக்கலாம்க்கா. நீங்க நல்லா பாடறப்பவே நிறுத்திக்கலாம்."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது, மறைக்கவில்லை. அந்துவான் கிடாரைத் துடைப்பதுபோல முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான்.

"மாஸ்டர்கிட்ட சொல்லிட்டியா?" என்று கேட்டேன்.

"இல்லக்கா. மொதல்ல உங்ககிட்டதான்."

அன்று மாலை இரண்டு கட்டை இறக்கத்தில் பாடினேன், இருந்ததையெல்லாம் போட்டுப் பாடினேன். மாப்பிள்ளையின் அம்மா செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வந்து ஆடினார். மறுநாள் காலை மாஸ்டர் வீட்டுக்கு நானே நடந்து போய், இந்த சீசனோடு நிறுத்திக்கொள்கிறேன் என்று சொன்னேன். அவர் காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "என்னாம்மா சொல்ற?" என்று திகைத்தார். என் குரலைப் பற்றிய ஒரு சேதி முதலில் எனக்குத் தெரிந்து, பிறகு மாஸ்டருக்குத் தெரிந்தது நாலு வருஷத்தில் அதுதான் முதல் தடவை.